உடம்பில் வளரும் ஈஸ்ட்: அரிப்பை மறைக்க வேண்டாம், மருந்து இருக்கிறது



இந்த முறை நாம் பேசப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து, சொந்த அம்மாவிடம்கூட வாய் திறக்காமல் பல பெண்கள் மாதக் கணக்கில் மூடி வைக்கும் விஷயம். வாயை மூடிக்கொண்டால் நோய் போய்விடுமா? போகாது. அதனால்தான் இதைப் பச்சையாகவே எழுதுகிறோம். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், வாசிக்க முடியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு அக்காவை நினைத்துப் பாருங்கள். அவர் எந்தத் தோட்டத்திலும், எந்த லயத்திலும் இருக்கக்கூடியவர். மழைக்காலம். காலையில் நனைந்த பாவாடை மாலை வரைக்கும் உடம்பிலேயே காய்கிறது. கீழே அரிப்பு தொடங்குகிறது. தயிர் திரிந்த மாதிரி வெள்ளை படுகிறது. "உடம்புச் சூடுதான், வேற என்ன" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறார். அரிப்பு நிற்கவில்லை. டெட்டோல் கலந்த தண்ணீரில் கழுவுகிறார். எரிச்சல் இரண்டு மடங்காகிறது. மலையில் நிரை பிடித்து நிற்க முடியாமல் இரண்டு நாள் பேர் போகிறது. வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். கடைசியில் டிஸ்பென்சரிக்குப் போகிறார். அங்கே நாலு பேர் வரிசையில் நிற்கும்போது எப்படிச் சொல்வது? "இடுப்பு வலிங்க ஐயா" என்கிறார். கையில் பெனடோல் கிடைக்கிறது. அரிப்பு அப்படியே இருக்கிறது.

இந்த அக்காவுக்குத் தேவைப்பட்டது இரண்டு விஷயம். ஒன்று, இது என்ன நோய் என்ற விளக்கம். மற்றது, வாய்விட்டுச் சொல்லும் தைரியம். இந்தக் கட்டுரை அந்த இரண்டுக்கும்தான்.

ஈஸ்ட் என்றால் என்ன?

பாண் பொங்குவதற்குப் பேக்கரியில் போடுவது ஈஸ்ட். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன உயிர். பூஞ்சணக் குடும்பத்தைச் சேர்ந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிள்ளைகள் இதை மதுவம் என்று படிப்பார்கள்.

நம்முடைய உடம்பிலும் ஈஸ்ட் வகைகள் வாழ்கின்றன. ஆனால் அது பேக்கரி ஈஸ்ட் அல்ல. பாண் தின்பதால் இந்த நோய் வருவதும் இல்லை. உடம்பில் வாழும் ஈஸ்ட்டுகளில் முக்கியமானது கன்டிடா. வாய், குடல், தோல், பெண்களின் பிறப்புறுப்பு ஆகிய இடங்களில், நல்ல சுகமாக இருக்கும் பலருக்கும் இது கொஞ்சம் இருக்கவே செய்யும். அதே இடத்தில் நல்ல பக்டீரியாக்களும் வாழ்கின்றன. அவை ஈஸ்ட்டை அளவோடு வைத்திருக்கின்றன. இந்தச் சமநிலை குலைந்தால் ஈஸ்ட் தலைதூக்கி அளவுக்கு மேல் பெருகுகிறது. அப்போதுதான் அரிப்பு, எரிச்சல், வெள்ளை எல்லாம் வருகிறது.

தேயிலையில் வேலை செய்பவர்களுக்கு இதை விளங்கவைப்பது சுலபம். பிளிஸ்டர் என்று சொல்லும் கொப்புள நோயைத் தெரியாதவர் யார்? 1946ல் இலங்கைத் தேயிலைக்கு வந்த நோய் அது. அதுவும் ஒரு பூஞ்சணம்தான். வெயில் இல்லாமல், பனியும் மழையுமாக நாள்கணக்கில் இலை ஈரமாக இருந்தால் இளம் கொழுந்தில் ஏறிவிடும். நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் அடங்கும். மனித உடம்பில் வளரும் ஈஸ்ட் வேறு வகை. ஆனாலும் ஈரமும் வெதுவெதுப்பும் மூடிய இடமும் அதற்குப் பிடிக்கும். காய்ந்த, காற்றோட்டமான இடம் பிடிக்காது. இந்த ஒன்றை மனதில் வைத்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

யாருக்கு அதிகம் வரும்?

உடம்பின் சமநிலையைக் குலைக்கும் காரணங்கள் சில:

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து குடித்த பிறகு வரும். சளிக்கோ புண்ணுக்கோ அன்டிபயோட்டிக் குடிக்கும்போது, கெட்ட பக்டீரியாவோடு நல்ல பக்டீரியாவும் சாகிறது. காவல்காரன் போன வீட்டில் ஈஸ்ட் புகுந்துகொள்கிறது. அதனால்தான் போன முறை மிஞ்சிய கெப்சூலை எடுத்து விழுங்க வேண்டாம் என்று சொல்கிறோம்.

கர்ப்பிணிகளுக்கு வரும். அந்தக் காலத்தில் உடம்பில் நடக்கும் ஹோர்மோன் மாற்றம் ஈஸ்ட்டுக்குச் சாதகமானது. இது யாருடைய குற்றமும் அல்ல.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வரும். இரத்தத்தில் சீனி கூடினால் சிறுநீரிலும் சீனி போகும். ஈஸ்ட்டுக்கு அது விருந்து. தங்களுக்குச் சீனி இருப்பதே தெரியாமல், இந்த அரிப்பை வைத்துத்தான் சிலருக்கு முதன்முதலில் சீனி கண்டுபிடிக்கப்படுகிறது. சிறுநீரோடு சீனியை வெளியேற்றும் புதிய சீனி மாத்திரைகள் சிலவும் இந்த அரிப்பைக் கொண்டுவரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. கிளினிக்கில் சொல்லுங்கள்.

கைக்குழந்தைகள், வயதானவர்கள், பொய்ப்பல் கட்டியவர்கள், ஆஸ்துமாவுக்கு மருந்து இழுப்பவர்கள், ஸ்டீரொயிட் மாத்திரை குடிப்பவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கும் எளிதில் வரும்.

பெண்களுக்கு வரும் வெள்ளை

நான்கு பெண்களில் மூன்று பேருக்காவது வாழ்நாளில் ஒரு தடவை இந்த ஈஸ்ட் தொற்று வருகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கொழுந்து மடுவத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஒரு காலத்தில் வந்திருக்கும். அவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா வெள்ளையும் நோய் அல்ல. வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாதத்தில் சில நாட்கள் தெளிவான, வழுவழுப்பான நீர் படுவது இயற்கை. அதில் அரிப்பும் இருக்காது, கெட்ட வாடையும் இருக்காது. "வெள்ளை பட்டா எலும்பு உருகுது" என்று சொல்வதில் உண்மை இல்லை.

ஈஸ்ட் தொற்று என்றால் இப்படி இருக்கும்: கடுமையான அரிப்பு, மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் இன்னும் கூடும். தயிர்க்கட்டி போலத் திரிதிரியாக வெள்ளை படும், பெரிய வாடை இருக்காது. உறுப்பின் வெளிப்பக்கம் சிவந்து வீங்கும். சிறுநீர் பட்டால் எரியும். கணவன் மனைவி சேரும்போது வலிக்கும்.

வேறு தொற்றுகளும் உண்டு. சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் பட்டு மீன் வாடை அடித்தால் அது பக்டீரியாவால் வருவது. மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்துப் பட்டு வாடை அடித்தால் அது உடலுறவால் தொற்றும் வேறொரு கிருமியாக இருக்கலாம். அதற்குக் கணவன் மனைவி இருவருமே மருந்து எடுக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. "போன வருஷம் அக்காவுக்குக் கொடுத்த மருந்து" உங்களுக்குச் சரிவராமல் போவது இதனால்தான். முதல் தடவை வந்தால் கட்டாயம் காட்டித்தான் மருந்து எடுக்க வேண்டும்.

பிள்ளைப்பேறு நின்ற வயதில் அரிப்பு வந்தால், அது வறட்சியாலும் வரலாம், வேறு தோல் நோயாலும் வரலாம். அந்த வயதில் சும்மா ஈஸ்ட் என்று நினைத்து மருந்து பூசிக்கொண்டிருக்கக் கூடாது.

குடும்பத்தில் சந்தேகம் வேண்டாம்

கணவன்மாருக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. மனைவிக்கு ஈஸ்ட் தொற்று வந்துவிட்டது என்பதற்காக அவள் நடத்தையைச் சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லை. இது பால்வினை நோய் அல்ல. கல்யாணமாகாத பெண்ணுக்கும் வரும். மாமியாருக்கும் வரும். தாய் வயிற்றிலிருந்து வந்து பத்து நாள் ஆன பிள்ளையின் வாயிலும் வருகிறதே! அரிப்போடு இரவில் தூங்காமல் கிடக்கிறவளிடம் சண்டை பிடிப்பதை விட, "வா, நானும் கூட வர்றேன், டிஸ்பென்சரிக்குப் போவோம்" என்று சொல்வதுதான் ஆம்பிளைத்தனம்.

வழக்கமாகக் கணவனுக்கு மருந்து தேவையில்லை. ஆனால் ஆணுறுப்பின் நுனியில் சிவப்பு, அரிப்பு, வெள்ளைப் படிவு இருந்தால் அவருக்கும் பூச்சு மருந்து வேண்டும். ஆணுக்கு இது அடிக்கடி வந்தால் சீனி பார்த்தே ஆக வேண்டும்.

மருந்து என்ன?

நல்ல செய்தி இதுதான்: இதற்கு மருந்து உண்டு, விலை அதிகமும் இல்லை. அரசாங்க வைத்தியசாலையில் காசில்லாமல் வைத்தியம் செய்துகொள்ளலாம்.

அதிகமாகக் கொடுப்பது குளோட்ரிமசோல். பிறப்புறுப்புக்குள் இரவில் படுக்கப் போகும்போது வைக்கும் மாத்திரையாக வரும். 500 மில்லிகிராம் என்றால் ஒரே இரவு. 200 மில்லிகிராம் என்றால் 3 இரவுகள். 100 மில்லிகிராம் என்றால் 6 இரவுகள். இதை வாயில் போட்டு விழுங்கக் கூடாது. இப்படி விழுங்கிவிடுவது நடக்கக்கூடியது என்பதால், மருந்து வாங்கும்போதே "இது குடிக்கிறதா, உள்ள வைக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். வெளியே அரிப்புக்கு அதே மருந்து பூச்சாகவும் வரும். மாதவிலக்கு நாட்களில் உள்ளே வைக்கும் மருந்தைத் தொடங்காமல், முடிந்த பிறகு தொடங்குவது நல்லது. ஆணுறை பாவிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: இந்தப் பூச்சுகள் ஆணுறையைப் பலவீனப்படுத்தலாம்.

மற்றது புளுகோனசோல். 150 மில்லிகிராம் கெப்சூல், ஒரே தடவை வாயால் குடிப்பது. இது கர்ப்பிணிகளுக்குக் கூடாது. வயிற்றில் பிள்ளை இருந்தாலோ, மாதம் தள்ளிப்போயிருந்தாலோ, மருந்து எழுதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல்தான் வழக்கம், அதுவும் ஒரு வாரம் வரை. பால் கொடுக்கும் தாய்மாரும், வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு மூன்று நாளிலேயே அரிப்பு குறையும். "சுகமாயிடுச்சு" என்று பாதியில் நிறுத்தாதீர்கள். கொடுத்த நாள் வரைக்கும் பாவித்து முடியுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் சுகமாகாவிட்டால் திரும்பப் போங்கள். ஒரு வருடத்துக்குள் மூன்று நான்கு தடவை வந்தால், மருந்து மட்டும் போதாது. இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள்.

குழந்தையின் வாயில் வெள்ளை

கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளை இருந்தால் எல்லாரும் பால் என்று நினைப்பார்கள். ஒரு சுத்தமான ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பால் என்றால் வந்துவிடும். ஈஸ்ட் என்றால் லேசில் வராது. வந்தாலும் அடியில் சிவந்து புண்ணாக இருக்கும். கன்னத்தின் உட்பக்கத்திலும் முரசிலும்கூடப் படிந்திருக்கும். பிள்ளை பால் குடிக்கத் தொடங்கி, வலியில் முலையை விட்டுவிட்டு அழும்.

இதற்கு நிஸ்டடின் என்ற சொட்டு மருந்து கொடுப்பார்கள். பால் குடித்த பிறகு, ஒரு நாளைக்கு 4 தடவை, சொன்ன அளவு வாயின் இரண்டு பக்கமும் விட வேண்டும். வெள்ளை மறைந்த பிறகும் இன்னும் 2 நாள் தொடர வேண்டும். தாயின் முலைக்காம்பில் எரிச்சல், வெடிப்பு, பால் கொடுக்கும்போது குத்தும் வலி இருந்தால் தாய்க்கும் மருந்து தேவை. ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால், பிள்ளையிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து பிள்ளைக்குமாக மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். போத்தல், சூப்பி பாவித்தால் அவித்துச் சுத்தம் செய்யுங்கள்.

நிஸ்டடினுக்கு ஒரு கதை உண்டு. 1950ல் இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் நியூயோர்க் மாநில சுகாதாரத் திணைக்களத்தில் வேலை செய்த இரண்டு பெண்கள்: எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன். ஒருவர் நியூயோர்க் நகரத்தில், மற்றவர் தூரத்திலுள்ள ஒல்பனியில். மாதிரிகளைத் தபாலிலேயே மாறி மாறி அனுப்பி ஆராய்ந்தார்கள். கடைசியில் மருந்து கிடைத்தது ஒரு மாட்டுப் பண்ணை மண்ணில் இருந்த நுண்ணுயிரில். நியூயோர்க் மாநிலத்தின் பெயரைச் சுருக்கித்தான் நிஸ்டடின் என்று வைத்தார்கள். கிடைத்த பணத்தைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். மண்ணில் வேலை செய்யும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

பாட்டிமாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வாயில் வெங்காரமும் தேனும் குழைத்துத் தடவும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வெங்காரம் பச்சைப் பிள்ளைக்கு நஞ்சு. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேனும் கூடாது. முன்பெல்லாம் ஊதா மருந்து பூசுவார்கள். அதில் புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று 2019ல் கனடா நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் எச்சரித்தது. நல்ல மருந்து இருக்கும்போது அது எதற்கு?

பிள்ளையின் தொடை இடுக்கில்

நப்பி கட்டும் இடத்தில், தொடை மடிப்புக்குள் நல்ல சிவப்பாக, அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகளாக இருந்தால் அதுவும் ஈஸ்ட்தான். அடிக்கடி துணி மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, கொஞ்ச நேரம் துணி இல்லாமல் காற்றாட விடுங்கள். குளோட்ரிமசோல் பூச்சு கேட்டு வாங்கலாம். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைக் காம்பராவில் விடும்போது, பிள்ளைக்கு இப்படி இருக்கிறது என்று அங்கே பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி, மாற்றுத் துணி கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள்.

பெரியவர்களின் வாயில் வெள்ளை: இதில் கவனம்

பெரியவர்களுக்கும் வாயில் ஈஸ்ட் வரும். ஆஸ்துமா மருந்து இழுப்பவர்கள், ஒவ்வொரு தடவையும் இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பொய்ப்பல் வைத்திருப்பவர்கள் இரவில் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும்.

ஆனால் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். துடைத்தால் வருகிற வெள்ளை ஒன்று. எத்தனை தடவை துடைத்தாலும் வராமல், தோலோடு தோலாக ஒட்டியிருக்கும் வெள்ளைத் தழும்பு வேறு. அது வலிக்காது, எரியாது. அதனால் கவலைப்படாமல் விட்டுவிடுவோம். ஆனால் வாய்ப் புற்றுநோய்க்கு முந்திய அடையாளமாக அது இருக்கலாம். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலை போடும் பெண்களையும் அது விடுவதில்லை. வெள்ளைத் தழும்போ, சிவப்புத் தழும்போ, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால், வாய் நன்றாகத் திறக்க முடியாமல் போனால், பல் வைத்தியரிடம் உடனே காட்டுங்கள். ஈஸ்ட் மருந்தை நம்பிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

காரணமே இல்லாமல் ஒரு பெரியவரின் வாயில் ஈஸ்ட் திரும்பத் திரும்ப வந்தாலும், விழுங்க வலித்தாலும், இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சீனியும் பார்ப்பார்கள், எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள். அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக்கில் இந்தச் சோதனை இலவசம், இரகசியம் காக்கப்படும்.

தோலில் வருவது

மார்புக்குக் கீழ் மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, படங்கு இறுக்கிக் கட்டும் இடுப்பு மடிப்பு ஆகிய இடங்களில் வேர்வையும் மழையும் தங்கி நிற்கும். அங்கே சிவந்து, ஈரமாகி, ஓரத்தில் சிறு பொட்டுகள் கிளம்பினால் ஈஸ்ட் என்று சந்தேகிக்கலாம். நாள் முழுக்கக் கை ஈரமாக இருப்பவர்களுக்கு நகத்தின் ஓரம் வீங்கிச் சிவக்கும். விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிப்போய்த் தோல் உரியும்.

தேமலும் ஒரு வகை ஈஸ்ட்டால் வருவதுதான். நெஞ்சிலும் முதுகிலும் வெளிறிய அல்லது பழுப்பு நிறத் திட்டுகளாக, சுரண்டினால் லேசாகத் தூள் உதிரும். இது ஒட்டுவதும் இல்லை, குஷ்டமும் இல்லை. பூச்சு மருந்தும் தேய்த்துக் குளிக்கும் மருந்தும் உண்டு. மருந்து போட்டு ஈஸ்ட் செத்தாலும், தோலின் நிறம் திரும்பப் பல மாதம் ஆகும். "மருந்து வேலை செய்யல" என்று மனம் விட வேண்டாம். ஆனால் வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால், அது வேறு. உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கடையில் விற்கும் சில டியூப்களில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். பூசினால் ஒரே நாளில் அரிப்பு நிற்கும். ஆனால் உள்ளே பூஞ்சணம் பரவிக்கொண்டே போகும், தோலும் மெலிந்துபோகும். பக்கத்து வீட்டு டியூப்பை வாங்கிப் பூசாதீர்கள்.

இதைச் செய்யாதீர்கள்

டெட்டோல், வாசனைச் சோப்பு, படிகாரம், உப்புத் தண்ணீர், வேப்பிலைத் தண்ணீர் இவற்றை உறுப்புக்குள் ஊற்றிக் கழுவ வேண்டாம். உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். உள்ளே கழுவினால் காவல் காக்கும் நல்ல பக்டீரியாவைத்தான் நாம் கழுவி விடுகிறோம். வெளிப்பக்கத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழகுங்கள். தயிர், வெள்ளைப்பூடு எதையும் உள்ளே வைக்க வேண்டாம்.

"உடம்பு முழுக்க ஈஸ்ட் ஏறிடுச்சு, ஆறு மாசம் மருந்து எடுக்கணும்" என்று சொல்லிக் காசு பறிப்பவர்களும் உண்டு. ஈஸ்ட் இரத்தத்தில் கலப்பது உண்மையில் நடக்கும். ஆனால் அது வைத்தியசாலையில் மிகக் கடுமையான நோயோடு படுத்திருப்பவர்களுக்கு வருவது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நடமாடும் ஒருவருக்கு வரும் அரிப்பு, அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

லயத்தில் இருந்துகொண்டு எப்படிக் காப்பது?

"சுத்தமா இரு, காய்ந்த உடுப்புப் போடு" என்று சொல்வது சுலபம். மழை விடாமல் பெய்யும் மாதத்தில், ஒரே ஒரு கொடியில் அஞ்சு பேர் துணி தொங்கும் காம்பராவில் காய்ந்த உடுப்புக்கு எங்கே போவது? அது நமக்கும் தெரியும். அதனால் முடிந்ததை மட்டும் சொல்கிறோம்.

உள்பாவாடையும் உள்ளாடையும் பருத்தித் துணியாக இருக்கட்டும். நைலான் வேண்டாம். ஒரு சோடியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கூடைக்குள் கொண்டுபோய், பகல் சாப்பாட்டு நேரத்தில் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். வேலை முடிந்து வந்ததும், அடுப்பு மூட்டுவதற்கு முன்பே ஈரத்தைக் களைந்துவிடுங்கள். இரவில் தளர்வான உடுப்போடு படுங்கள்.

மாதவிலக்குத் துணியை வெட்கப்பட்டு மற்றத் துணிக்கு அடியில் ஒளித்துக் காயவைப்பார்கள். அது காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயில் படும் இடத்தில் போடுங்கள். மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு மறைத்தால் போதும். வெயிலே இல்லாத நாளில் அடுப்புச் சூட்டிலாவது நன்றாகக் காய்ந்த பிறகு பாவியுங்கள். பாட் பாவித்தால் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது மாற்றப் பாருங்கள். மலையில் கழிப்பறை இல்லாததால் மாற்ற முடியவில்லை என்றால், அது ஒரு பெண்ணின் தனிப்பட்ட கஷ்டம் அல்ல, எல்லாருடைய பிரச்சினை. மாதர் சங்கக் கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டிய விஷயம்.

எப்படிச் சொல்வது?

வாய் வரவில்லை என்றால் இந்த வார்த்தைகளைப் பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்:

"ஐயா, தனியா ஒரு விஷயம் சொல்லணும்."

"கீழ அரிப்பா இருக்குங்க. வெள்ளை படுது. இத்தனை நாளா இருக்கு."

"மிட்வைஃப் அம்மாகிட்ட சொல்லிக்கிறேங்க."

இவ்வளவு போதும். ஆண் வைத்தியர் பரிசோதிக்க வேண்டி வந்தால், பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பேசவே முடியவில்லையா? ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மகளிடம் சொல்லி எழுதி வாங்குங்கள்.

சுவநாரி கிளினிக் என்று ஒன்று இருப்பதையும் மறக்க வேண்டாம். 1996 முதல் அரசாங்கம் பெண்களுக்கென்று நடத்தி வருவது. முக்கியமாக 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். எந்த நாளில், எந்த இடத்தில் என்று உங்கள் மிட்வைஃப் அம்மாவிடம் கேட்டால் சொல்வார்.

பின்வருபவை இருந்தால் அரை நாள் பேர் போனாலும் பரவாயில்லை, தாமதிக்க வேண்டாம்: அடிவயிற்று வலியும் காய்ச்சலும், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் அல்லது உறவுக்குப் பிறகு இரத்தம் படுவது, மாதவிலக்கு நின்றுபோன பிறகு திரும்ப இரத்தம் படுவது, இரத்தம் கலந்த, அழுகிய வாடையுள்ள நீர், உறுப்பில் புண் அல்லது கொப்புளம், கர்ப்பிணிக்கு எந்த மாற்றமும், வயதுக்கு வராத சிறு பெண் பிள்ளைக்கு வெள்ளை படுவது.

நாம் ஆரம்பத்தில் சொன்ன அக்காவுக்கு வருவோம். அவர் கடைசியில் மிட்வைஃப் அம்மாவிடம் வாய் திறந்தார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவு மருந்தில் அரிப்பு போய்விடும். கூடவே சீனி பார்த்திருந்தால், கூடியிருப்பதும் தெரிந்திருக்கும். கண்ணும் காலும் சிறுநீரகமும் கெட்டுப்போவதற்கு முன்பே வைத்தியம் தொடங்கியிருக்கலாம். பெனடோலோடு திரும்பி வந்தபடியே இருந்தால் அது எதுவும் நடந்திருக்காது.

தேயிலைச் செடியில் ஒரு கொப்புளத்தைக் கண்டால் உடனே கங்காணியைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். நம் உடம்புக்கும் அந்த அக்கறையைக் கொடுப்போம். உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்றால் சந்தோஷம். ஆனால் மடுவத்தில் பக்கத்தில் நிற்கும் தங்கச்சிக்கு இருக்கலாம். இந்த இதழை வாசித்து முடித்ததும் அவரிடம் கொடுங்கள்.